மருந்தும் மணிக்கூடும்

நடுக்குவாத நோயாளரைப் பராமரிக்கும் இல்லத்தார் அறிந்திருக்க வேண்டியவை

முதுமை வந்தால் கை நடுங்கும், கால் தளரும், நடை குறுகும் என்பது நம்மவர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள எண்ணம். காரைதீவிலும், அதன் அயலூர்களாகிய மாளிகைக்காடு, சாய்ந்தமருது, நிந்தவூர், கல்முனை ஆகியவற்றிலும், வயலிலோ கடலிலோ உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் தேநீர்க் கோப்பையைத் தளும்பத் தளும்பத் தூக்கும்போது, "வயது போய்விட்டது, இனி இப்படித்தான்" என்று வீட்டார் சொல்லி விடுவர். அவ்வாறு சொல்லப்படுவோருள் சிலர்க்கு உண்மையில் இருப்பது முதுமை மட்டுமன்று, ஒரு நோய். அதனை வேரோடு களையும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆயினும், அதன் தொல்லையைப் பல ஆண்டுகள் அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு.

1817 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் லண்டன் வைத்தியர், ஆறு நோயாளரின் நிலையை ஆராய்ந்து நடுக்குவாதம் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் பெயரே பிற்காலத்தில் நோயின் பெயராயிற்று. நம் நாட்டு வைத்தியர் இதனைக் கம்பவாதம் என்பர். ஓய்ந்திருக்கும் கையில் நடுக்கம், உடல் விறைப்பு, செயலில் மந்தம் என்பன இதன் முதன்மையான குறிகள். நடக்கும்போது ஒரு கை வீசாதிருத்தல், எழுத்து வரவரச் சிறுத்தல், முகத்திற் பாவம் குன்றுதல் என்பனவும் காணப்படும். நடுக்கமே இல்லாத நோயாளரும் உளர். பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியோர்க்கு வருவதெனினும், ஐம்பதுக்கு முன்னரும் சிலர்க்கு வருவதுண்டு.

இக்கட்டுரை நோயைப்பற்றியதன்று, நோய்க்குக் கொடுக்கும் மருந்தைப்பற்றியது. காய்ச்சல் மருந்தை மூன்று வேளையும் கொடுத்து விட்டால் வீட்டாரின் கடமை முடிந்து விடுகிறது. நடுக்குவாத மருந்து அத்தகையதன்று. எத்தனை மில்லிகிராம் என்பது எவ்வளவு முக்கியமோ, எத்தனை மணிக்கு என்பதும் அவ்வளவு முக்கியம். அளவை நிர்ணயிப்பவர் வைத்தியர். நேரத்தைக் காப்பவர் வீட்டார். இவ்விரண்டும் இணையாவிடத்து, நல்ல மருந்தே தீங்கு செய்வது போலத் தோன்றும்.

ஒரு விதையும் சில முயல்களும்

மூளையின் நடுப்பாகத்திற் கருநிறமுடைய ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள கலங்கள் டோப்பமீன் என்னும் இரசாயனப் பொருளை ஆக்குகின்றன. நாம் எண்ணியபடி கை கால்கள் இலகுவாக அசைவதற்கு அப்பொருள் இன்றியமையாதது. அக்கலங்கள் சிறிது சிறிதாக அழிவதே இந்நோய். டோப்பமீனையே குளிகையாக்கிக் கொடுத்தால் என்ன என்று மாணவர் கேட்கலாம். இரத்தத்திலிருந்து மூளைக்குட் செல்லும் வாயிலை டோப்பமீன் கடக்க மாட்டாது. ஆனால் அதற்கு முந்திய நிலையிலுள்ள லெவோடோப்பா என்னும் பொருள் கடக்கும். மூளையை அடைந்தபின் டோப்பமீனாக மாறும்.

லெவோடோப்பாவின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. 1937 ஆம் ஆண்டில், சென்னை சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக உயிர் இரசாயன ஆய்வுகூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர், பூனைக்காலி விதையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதற்கு முன் 1913 இல் ஐரோப்பாவில் ஒருவகை அவரையிலிருந்தும் இது பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பதை அக்காலத்தில் ஒருவரும் அறிந்திலர்.

1957 இல் சுவீடன் தேசத்து ஆவிட் கார்ல்சன் என்பார், சர்ப்பகந்தி மூலிகையிலிருந்து பெறப்படும் ரெசர்ப்பின் என்னும் மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர் டோப்பாவை ஏற்றியதும் எழுந்து நடமாடின. 1960 இல் வியன்னா நகரில், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோப்பமீன் மிகக் குறைந்திருப்பது கண்டறியப்பட்டது. 1961 இல் அந்நகரிலேயே நோயாளர்க்கு லெவோடோப்பா ஊசிமூலம் ஏற்றப்பட்டது. எழ முடியாதிருந்தோர் சிறிது நேரம் எழுந்தனர். கார்ல்சனுக்கு 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இம்மருந்தை நாள்தோறும் கொடுக்கத்தக்க மருந்தாக்கியவர் நியூயோர்க்கில் ஆராய்ச்சி செய்த ஜோர்ஜ் கொட்சியஸ் என்பவர். 1967 இல் அவர் வெளியிட்ட முறை எளியது. மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில், உடல் பழகப் பழக அளவைக் கூட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொடுத்தால் வாந்தியும் மயக்கமுமே மிஞ்சும். இன்றும் கிளினிக்கில் வைத்தியர் அரைக் குளிகையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவதன் காரணம் இதுவே. "இந்த அரைக் குளிகையால் என்ன நடக்கப் போகிறது?" என்று சலித்துத் தாமே இரட்டிப்பாக்கிக் கொள்வோர், அரை நூற்றாண்டுக்கு முன்னரே கற்றுக்கொள்ளப்பட்ட பாடத்தைத் தம் உடலில் மீண்டும் கற்கின்றனர்.

குளிகைப் பட்டையில் உள்ள இரண்டு எண்கள்

லெவோடோப்பாவைத் தனியே விழுங்கினால், அதன் பெரும்பகுதி வழியிலேயே, குடலிலும் இரத்தத்திலும் டோப்பமீனாக மாறி வீணாகும். நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கே மூளையை அடையும். வழியில் மாறிய டோப்பமீன் குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கும். இதனைத் தடுக்கவே கார்பிடோப்பா அல்லது பென்செரசைட் என்னும் காவற்பொருள் சேர்க்கப்படுகிறது. ஆதலின், குளிகைப் பட்டையில் இரண்டு எண்கள் இருக்கும். 25/100 என்றால் கார்பிடோப்பா 25 மில்லிகிராம், லெவோடோப்பா 100 மில்லிகிராம் என்பது பொருள். 10/100, 25/250 என்னும் வகைகளும் உண்டு. சில கம்பெனிகள் இரண்டையும் கூட்டி 110, 125, 275 என்றும் பெயரிடுவதுண்டு.

இந்த எண்களை வீட்டார் வாசிக்கத் தெரிந்திருத்தல் அவசியம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோப்பா சென்றாலன்றிக் காவல் முழுமை பெறாது. 25/100 குளிகை மூன்று எடுப்பவர்க்கு 75 மில்லிகிராம் கிடைக்கிறது. மருந்துக்கடையில் அதற்குப் பதிலாக 10/100 கொடுத்து விட்டால் 30 மில்லிகிராமே கிடைக்கும். லெவோடோப்பாவின் அளவு மாறவில்லை. ஆயினும் நோயாளர்க்கு வயிற்றைப் பிரட்டும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டார் அதனை நிறுத்தி விடுவர். குற்றம் மருந்தினுடையதன்று, எண்ணினுடையது. குளிகையின் நிறமோ வடிவமோ பெட்டியோ மாறியிருந்தால், வீட்டுக்குக் கொண்டு வருமுன் இரண்டு எண்களையும் பழைய பட்டையோடு ஒப்பிடுங்கள்.

மெல்லக் கரையுமாறு செய்யப்பட்ட நீடித்த வகைக் குளிகைகளும் உள. அவற்றை நொறுக்கவோ மெல்லவோ கூடாது. நொறுக்கினால் பல மணி நேரத்துக்குரிய மருந்து ஒரே தடவையில் இரத்தத்தில் இறங்கி விடும்.

மீன் சோற்றுக்கு முன்னர்

லெவோடோப்பா இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் அதன் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்து விடும். நோயின் தொடக்க ஆண்டுகளில் எஞ்சியுள்ள மூளைக் கலங்கள் அதனைச் சேமித்து வைத்து நிதானமாகச் செலவிடும். ஆதலால் ஒரு வேளை சிறிது பிந்தினாலும் நோயாளர் அதனை உணரார். ஆண்டுகள் செல்லச் செல்லச் சேமிக்கும் கலங்களும் குறைந்து விடும். அப்போது குளிகை விழுங்கி அரை மணி அல்லது முக்கால் மணி நேரத்தில் உடல் திறக்கும். மூன்று நான்கு மணியில் மீண்டும் பூட்டிக் கொள்ளும். எட்டு மணிக் குளிகை ஒன்பதுக்குப் போனால், அந்த ஒரு மணி நேரம் கதிரையை விட்டு எழ முடியாத நேரமாகும். அதனைச் சோம்பலென்றோ பிடிவாதமென்றோ எண்ணி வீட்டார் கடிந்து கொள்வது எத்துணை அநியாயம்!

இனி உணவைப் பார்ப்போம். லெவோடோப்பா சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. மீன், இறைச்சி, முட்டை, பருப்பு, பால், தயிர் ஆகியவற்றிலுள்ள புரதம் சமிபாடடையும்போது உண்டாகும் அமினோ அமிலங்கள் சில, குடலிலும் மூளை வாயிலிலும் இம்மருந்து செல்லும் அதே வழியாற் செல்வன. ஒரே தோணியில் ஏற இரு திறத்தாரும் முந்தும்போது மருந்து கரையில் நின்று விடுகிறது. நம் கரையோரத்தில் மீனில்லாத மதியச் சோறு அரிது; விருந்தென்றால் எருமைத் தயிரும் உண்டு. அத்தகைய உணவோடு விழுங்கிய குளிகை பிந்தி வேலை செய்யும். சில நாள் வேலை செய்யாமலே போகும்.

இதற்குப் பரிகாரம் மீனை விலக்குவதன்று. புரதம் குறைந்தால் உடல் மெலிந்து, நோயாளர் இன்னும் தளர்வர். உணவுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னராவது, உண்டு ஒரு மணி நேரத்துக்குப் பின்னராவது, ஒரு கோப்பைத் தண்ணீரோடு குளிகையைக் கொடுப்பதே பொதுவான வழி. பிற்பட்ட நிலையிலுள்ள சிலர்க்குப் பகலிற் புரதத்தைக் குறைத்து, இரவு உணவில் அதனைச் சேர்க்குமாறு வைத்தியர் சொல்வதுண்டு. அவ்வாலோசனையின்றித் தாமே செய்தலாகாது. தொடக்கத்திற் குமட்டல் இருக்குமாயின், குளிகையோடு ஒரு துண்டுப் பாணோ இரண்டு பிஸ்கட்டோ கொடுக்கலாம். பால் கொடுப்பது நன்றன்று. இரத்தச் சோகைக்குரிய இரும்புக் குளிகையும் லெவோடோப்பாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆதலின், இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும்.

மலச்சிக்கல் இந்நோயின் ஓர் அங்கம். குடல் மந்தமானால் மருந்தும் மந்தமாகும். தண்ணீர், பப்பாசிப்பழம், கீரை வகைகள், இயன்ற அளவு நடை என்பவற்றால் இதனைத் தணிக்கலாம். போதாவிடின் அதற்கும் வைத்தியரிடம் மருந்து உண்டு.

இருவகை ஆட்டம்

வீட்டார் பெரும்பாலும் தவறிழைக்கும் இடம் இதுவே. ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். மாலை நான்கு மணி. பெரியவரின் உடல் ஆடுகிறது.

"அம்மா, அப்பாவுக்கு இன்னும் நடுக்கம் நிற்கவில்லையே. இன்னுமொரு குளிகை கொடுப்போமா?" என்று மகள் கேட்கிறாள்.

"மூன்று மணிக்குத்தானே மகள் கொடுத்தோம்!" என்கிறார் தாய்.

தாயின் மறுமொழியிலே விடை இருக்கிறது. குளிகை விழுங்கி ஒரு மணி நேரம் சென்று, மருந்து உச்சத்தில் நிற்கும் வேளையில் வரும் ஆட்டம் பெரும்பாலும் நோயின் நடுக்கமன்று. உடல் நெளிதல், தலை அசைந்து கொண்டிருத்தல், கை கால் நடனமாடுவது போல் வளைதல் என்பன மருந்து மிகுதியால் வரும் மிகையசைவு. நோயின் நடுக்கமோ தாளம் தப்பாதது. ஓய்ந்திருக்கும் கையில் ஒரே சீராக வருவது. பெரும்பாலும் அடுத்த குளிகைக்கு முன்னர், மருந்து தேய்ந்த வேளையில் தலைகாட்டுவது. முன்னையதற்குப் பரிகாரம் வேளையொன்றின் அளவைக் குறைத்தல். பின்னையதற்குப் பரிகாரம் இடைவெளியைக் குறைத்தல் அல்லது வேறொரு மருந்தைச் சேர்த்தல். இரண்டையும் ஒன்றெனக் கருதி மேலுமொரு குளிகை கொடுத்தால், ஆட்டம் அடங்குவதற்கு மாறாக மிகும். ஆதலின் வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி, "ஆடுகிறதா?" என்பதன்று; "குளிகை கொடுத்து எவ்வளவு நேரத்தில் ஆடுகிறது?" என்பதே. அதற்கு விடை சொல்ல வல்லவர் வீட்டிலிருப்பவரேயாவர்.

ஏனைய பக்க விளைவுகள்

எழுந்தவுடன் கண் இருண்டு விழுதல் நோயாலும் வரும், மருந்தாலும் வரும். படுத்திருக்கும்போது இரத்த அழுத்தத்தை அளந்து, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மீண்டும் அளக்கும்போது மேல் எண் 20 ஆயினும் கீழ் எண் 10 ஆயினும் குறைந்தால், வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பிரசருக்கும் சலத்தடைக்கும் முன்னரே எடுத்து வரும் குளிகைகள் இதனை மிகைப்படுத்தக்கூடும். கட்டிலில் சிறிது நேரம் இருந்து பின் எழுதல், போதிய தண்ணீர் அருந்துதல், வெயிலில் நெடுநேரம் நில்லாமை ஆகியவை துணைபுரியும்.

சலமும் வியர்வையும் கருமை படர்ந்து தோன்றலாம். என்டகப்போன் என்னும் துணை மருந்தாற் சலம் செம்மஞ்சளாகலாம். இவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்சி விரைய வேண்டியது மனமாற்றத்துக்கு. இல்லாத குழந்தையை முற்றத்திற் காண்பதாகவும், இறந்த உறவினர் வந்து நிற்பதாகவும் நோயாளர் கூறலாம். பேய் பிடித்ததென்றோ ஜின் தீண்டியதென்றோ மந்திரிக்கச் செல்வதால் நாள்கள் வீணாகும். இது மருந்தின் பக்க விளைவாகவும் இருக்கலாம். சலத்திற் கிருமித் தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல் என்பன தூண்டியதாகவும் இருக்கலாம். வைத்தியர் இவற்றைச் சோதித்த பின்னர், மருந்துகளுள் எதனை முதலிற் குறைப்பது என்று தீர்மானிப்பார்.

நடுக்கத்துக்குக் கொடுக்கப்படும் பென்செக்சோல் என்னும் பழைய மருந்து, முதியோரில் மறதி, மனக்குழப்பம், வாய் உலர்தல், சலம் தடைப்படல் ஆகியவற்றை உண்டாக்க வல்லது. ரோப்பினிரோல், பிரமிபெக்சோல் ஆகிய மருந்துகள் சிலர்க்குப் பகலில் திடீர்த் தூக்கத்தைக் கொடுக்கும். அத்தகையோர் மோட்டார் சைக்கிள் ஓட்டலாகாது. வேறு சிலர்க்கு அம்மருந்துகள் அடக்க முடியாத இச்சைகளைக் கிளப்பும். சிக்கனமாக வாழ்ந்தவர் லொத்தர்ச் சீட்டுக்கும் சூதாட்டத்துக்கும் பணத்தை வாரி இறைப்பார், ஓயாது உண்பார், காம இச்சை மிகுந்து வீட்டாரை நாணச் செய்வார். இதனை ஒழுக்கக் கேடு என்றெண்ணி மறைப்பதாற் குடும்பங்கள் சிதைகின்றன. இதுவும் ஒரு பக்க விளைவே. வைத்தியரிடம் வெட்கமின்றிச் சொன்னால், அம்மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிலைமையைச் சீராக்கலாம்.

கூடாத மருந்தும் மறைத்த மருந்தும்

வாந்திக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் மெட்டோகுளோப்பிரமைட், புரோகுளோர்பெரசீன் என்னும் மருந்துகளும், மனக்கிளர்ச்சிக்குக் கொடுக்கப்படும் ஹலோபெரிடோலும் மூளையில் டோப்பமீனின் வேலையைத் தடுப்பவை. நடுக்குவாத நோயாளர்க்கு இவை ஆகா. தலைச்சுற்றுக்குரிய சின்னரிசீனும் இவ்வினத்ததே. வேறு நோய்க்காக எந்த வைத்தியரிடம் சென்றாலும், "இவருக்குப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது" என்பதை முதலிற் சொல்லுங்கள். செலிஜிலின், ரசஜிலின் ஆகியவற்றை உட்கொள்வோர், வலிக்குரிய டிரமடோல், பெத்திடின் என்பவற்றையும் சில இருமல் மருந்துகளையும் தவிர்க்க வேண்டியிருக்கும்.

மறைத்த மருந்து என்பது நாட்டு மருந்து. பூனைக்காலி விதை நம் பரம்பரை வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கி வருவது. அவ்விதையில் உள்ளதும் லெவோடோப்பாவே. 2004 இல் லண்டனில் எட்டு நோயாளரிடம் நடத்திய ஒரு சிறு பரிசோதனையில், அவ்விதைத் தூள் குளிகையிலும் விரைவாக வேலை செய்தது காணப்பட்டது. ஆகவே அதனைப் பயனற்றதென்று இகழ்வதற்கில்லை. வலிமை உண்டு என்பதனாலேயே அவதானமும் வேண்டும். குளிகையையும் சூரணத்தையும் ஒருவர் ஒருசேர உட்கொண்டால் அவர் இருமடங்கு மருந்து உட்கொள்கிறார். ஆயின், ஒரு கரண்டித் தூளில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறதென்பது விதைக்கு விதை வேறுபடும். கிளினிக்கில் வைத்தியர் அறியாது குளிகையைக் கூட்டுவார். வீட்டில் மிகையசைவும் மனக்குழப்பமும் கூடும். சூரணம் கொடுப்பதாயின் அதனையும் வைத்தியரிடம் எடுத்துக் காட்டுங்கள். ஏசுவாரென்று அஞ்சி மறைத்தலாகாது.

நோன்பும் விரதமும்

நம் கரையோர முஸ்லிம் இல்லங்களில் றமழான் வந்ததும் எழும் வினா ஒன்றுண்டு. ஸஹர் முதல் இப்தார் வரை ஏறக்குறைய 13 மணி நேரம் வாயில் நீரும் படாது நோன்பிருப்பவர், பகலில் மூன்று நான்கு வேளை உட்கொள்ள வேண்டிய குளிகையை என்ன செய்வது? இரவுக்குள் எல்லாவற்றையும் அடக்கினால், பகலில் உடல் பூட்டிக் கிடக்கும். இரவில் மிகையசைவும் மனக்குழப்பமும் வரக்கூடும். நீரிழப்பால் அழுத்தம் குறைந்து விழுதலும் நேரும். நோயின் தொடக்க நிலையிலுள்ள சிலர்க்கு, நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தைக் கொண்டு வைத்தியர் ஒழுங்கு செய்து கொடுக்கக்கூடும். அதற்குப் பிறை காணுவதற்குச் சில வாரங்கள் முன்னரே கேட்க வேண்டும். ஏனையோர்க்கு நோன்பு உகந்ததன்று. நோயாளர்க்கு மார்க்கமே சலுகை அளித்திருக்கிறது. தீராத நோயினர் ஏழைகளுக்கு உணவளித்து ஃபித்யா கொடுக்கும் வழியும் உண்டு. "எல்லாரும் பிடிக்கையில் நான் மட்டும் எப்படி?" என்று கலங்கும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும், வைத்தியரின் சொல்லோடு மார்க்க அறிஞர் ஒருவரின் சொல்லும் சேர்ந்தால் மனம் ஆறும்.

கந்தசஷ்டி விரதமிருப்போர்க்கும், வைகாசியிற் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் உண்ணா நோன்பிருப்போர்க்கும் இதுவே விதி. விரதத்தில் உணவைத் தவிர்த்தாலும் குளிகையையும் தண்ணீரையும் தவிர்த்தலாகாது.

திடீரென நிறுத்தலாகாது

பக்க விளைவுக்கு அஞ்சி ஒரே நாளில் எல்லா மருந்தையும் நிறுத்துவதே மிகப் பெரிய ஆபத்து. உடல் மரம்போல் விறைத்து, கடுங்காய்ச்சல் கண்டு, நினைவு குழம்பி, உயிருக்கே கேடு வரலாம். அத்தகைய குறிகள் தோன்றின் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஒரு வேளை மறந்து போயின், அதற்கு ஈடாக அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுத்தலும் கூடாது.

வீட்டில் மருந்து தீர்ந்து போகாமற் பார்ப்பதும் இக்கடமையில் அடங்கும். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையோர ஊர்களைச் சூறையாடியபோது, வீட்டோடு மருந்தும் போயிற்று. 2022 இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நாடெங்கும் பலவகை மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. வயற்புறங்களில் மாரிக்கால வெள்ளமும் புதிதன்று. ஆதலின் இரண்டு வாரத்துக்குரிய குளிகையை, மருந்துச் சீட்டின் பிரதியோடு, நீர் புகாத பையொன்றில் வைத்திருங்கள். காலாவதியாகாதபடி அதனை மாற்றிக் கொண்டும் இருங்கள். தட்டுப்பாடு வருமெனின், குளிகை முற்றாகத் தீருமுன் கிளினிக்குக்குச் சென்றால், மாற்று மருந்தையோ குறைக்கும் ஒழுங்கையோ வைத்தியர் சொல்லித் தருவார்.

சத்திரசிகிச்சைக்கோ வேறு நோய்க்கோ வைத்தியசாலையில் தங்க நேரின், நேரப் பட்டியலை எழுதித் தாதியரிடம் கொடுங்கள். எல்லா நோயாளர்க்கும் மருந்து கொடுக்கும் பொது நேரம் நடுக்குவாத நோயாளர்க்குப் பொருந்தாது என்பதைப் பணிவோடு எடுத்துச் சொல்லலாம். சத்திரசிகிச்சைக்கு முன் எத்தனை மணிக்குக் கடைசிக் குளிகை என்பதையும் முன்னரே கேட்டறிதல் நன்று.

நாற்பது பக்கக் கொப்பி

இவ்வளவுக்கும் வேண்டியது ஒரு மணிக்கூடும், நாற்பது பக்கக் கொப்பி ஒன்றுமே. பக்கமொன்றில் ஐந்து நிரல்கள் வரையுங்கள். குளிகை கொடுத்த நேரம். உணவு உண்ட நேரமும் வகையும். உடல் இலகுவாக இருந்த நேரம். விறைத்தோ நடுங்கியோ இருந்த நேரம். மிகையசைவு, தலைச்சுற்று, குமட்டல், பொய்த்தோற்றம், தூக்கம் முதலிய பிற குறிகள். கிளினிக்குக்குச் செல்லுமுன் மூன்று நாள்கள் இவ்வாறு எழுதினாற் போதும். கல்முனை வைத்தியசாலையிலாயினும் வேறெங்காயினும், நீண்ட வரிசையில் நோயாளரைப் பார்க்கும் வைத்தியருக்கு ஒருவரோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களில், "சுகமில்லை ஐயா" என்னும் ஒரு சொல்லால் அவர் எதனை அறிவார்? மூன்று நாட் கொப்பியைக் கண்டாரெனின், எந்த வேளையைக் கூட்டுவது, எதனைக் குறைப்பது, எதனை அரை மணி முன்னே நகர்த்துவது என்பதைக் கணத்தில் அறிவார்.

இவ்வேலைக்கு ஏற்றவர் வீட்டிலுள்ள மாணவர். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றுக் கற்பித்த பெரியார். அவர் பிறந்த மண்ணில் விஞ்ஞானம் கற்கும் பிள்ளைக்கு, அமினோ அமிலமும் மில்லிகிராமும் பரீட்சைத் தாளோடு முடிந்து விடும் பாடங்களல்ல. குளிகைப் பட்டையிலுள்ள எண்களை வாசித்துச் சொல்லவும், நேரம் தவறாது தண்ணீர்க் கோப்பையை நீட்டவும், கண்டதைக் கண்டவாறு கொப்பியில் எழுதவும் பத்தாம் வகுப்புப் பிள்ளையால் இயலும்.

அளவை மாற்றும் உரிமை வீட்டாருக்கு இல்லை. நேரத்தைக் காக்கும் பொறுப்பு அவர்களுடையது. அப்பொறுப்பைச் செவ்வனே செய்யும் வீட்டில், பெரியவர் தம் சட்டைப் பொத்தானைத் தாமே பூட்டுவார். சோற்றைத் தம் கையாலேயே பிசைந்து உண்பார். மாலையில் வாசல் வரை நடந்து வந்து அயலாரோடு கதைப்பார். நோய் நீங்கவில்லை, ஆனால் நாள் அவருடையதாகிறது.